கரமனைக்கும் ஒஹையோவுக்கும் ஒரு பரஸ்பர இடமாற்றம்

1

ஒரே பதவியில், ஒரே சம்பள விகிதத்தில், வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கும் இரண்டு ஊழியர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், ஒருவர் இடத்துக்கு மற்றவரை மாற்றலாம். பயணப்படி கிடையாது, அவரவர் செலவில் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பம் கொடுத்தபின் ஒருவர் மட்டும் பின்வாங்க முடியாது. வாபஸ் வாங்கவும் இரண்டு கையெழுத்து வேண்டும். முடிவு தெரியும்வரை இருவரும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இதை ‘மியூச்சுவல்’ என்போம். இந்த விதியை எழுதியவர்கள் புற்றுநோயை மனதில் வைத்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இது பொருந்தியிருக்க வேண்டும் என்பதே என் வாதம். விதி நியாயமானது. நிறைவேற்றத்தான் ஆளில்லை.

இந்த விதியால் வாழ்க்கையில் பலன் அடைந்தவன் நான். நானும் ஹரிஹரனும் திருவனந்தபுரத்தில் மாநில அரசின் ஒரு துறையில் ஒரே நாளில் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். இருவருக்கும் கரமனையில் வீடு. பதவி உயர்வு வந்தபோது எனக்கு வித்துரா, அவனுக்குத் தலைமை அலுவலகம். பொன்முடிக்குப் போகிற வழியில் வித்துரா ஒரு சந்தை ஊர். கடைசி பஸ்ஸை விட்டால் அடுத்த நாள்தான் ஊர் திரும்ப முடியும். மழைக்காலத்தில் அந்த பஸ்ஸும் ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது. என் மனைவி கமலா அப்போது மாசமாக இருந்தாள். ரத்த அழுத்தம், கால் வீக்கம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஹரிஹரன்தான் ஒரு முழுத்தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். தன் கையெழுத்தைப் போட்டிருந்தான்.

“எடா மணி, ஒப்பிடு. கையெழுத்துப் போடு.”

“என்னடா இது?”

“மியூச்சுவல். எனக்கு மலைன்னா இஷ்டமாக்கும்.”

“உனக்கு மலையா? கோட்டைலேர்ந்து பழவங்காடிக்கு நடந்தாலே மூச்சு வாங்கறவன் நீ.”

“அதான், ஏறிப் பழகணும். வெறுதே பேசிண்டிருக்காதே, ஒப்பிடு.”

போட்டேன். அவன் வித்துராவுக்குப் போனான். மியூச்சுவலில் போனவன் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு மாற்றம் கேட்க முடியாது. அதன் பிறகு கேட்டபோது நகரத்தில் காலியிடம் இல்லை. அங்கேதான் பகவதியைக் கல்யாணம் செய்து குடிவைத்தான். அவன் மகன் அங்கேதான் பள்ளிக்கூடம் போனான். ஓய்வு பெற்ற பிறகுதான் கரமனை வீட்டுக்குத் திரும்பினான். இப்போது அந்தப் பையன் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஊர்பேர் தெரியாதவர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, வாடகை பிளாட்டில் இருக்கிறான். என் மகன் ஸ்ரீதர் நகரத்தில் பிறந்தான், நகரத்தின் ஆங்கிலப் பள்ளியில் படித்தான், அமெரிக்காவுக்கு வந்தான். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நிரூபிக்க முடியாது. எந்தத் தணிக்கை அதிகாரியும் அப்படித்தான் எழுதுவார். நானே தணிக்கை செய்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எழுதிவிட்டு அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

2

கேரள அரசு ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது. எனக்கு ஓய்வு கிடைத்த வருடமே கமலா போய்விட்டாள். ஒஹையோவில் ஸ்ரீதர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே எனக்கு ஒதுக்கப்பட்ட பணிகள் குறைவு. காலையில் பேத்தி அனன்யாவைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது. பனி பெய்தால் கார் வெளியே வரும் அளவுக்கு வழி செய்வது. தபால் பெட்டியைத் திறப்பது. வருவதில் பெரும்பகுதி கடன் அட்டை விளம்பரம். ஆனாலும் ஒவ்வொன்றையும் பிரித்து, மூலையில் வந்த தேதியை எழுதாமல் என்னால் குப்பையில் போட முடியவில்லை. ஸ்ரீதர் சிரிப்பான். அனன்யா சிரிப்பதில்லை, எல்லாத் தாத்தாக்களும் இப்படித்தான் என்று நினைக்கிறாள். நான் அவளிடம் தமிழில் பேசுகிறேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், கோபம் வந்தால் நான் மலையாளத்துக்குப் போய்விடுகிறேன். மூன்றும் புரிகிற ஒரே ஆள் ஸ்ரீதர், அவனுக்கு நேரமில்லை.

2003-இல் எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். அடுத்த கேள்வி அது அக்கம்பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது. காய்ச்சலில் அக்குளில் நெறி கட்டுமே, அதே ஜாதி முடிச்சுகள் அடிவயிற்றுக்குள்ளும் உண்டு. சாதாரண ஸ்கேன் முடிச்சின் பருமனைப் பார்த்து ஊகிக்கும். பருத்ததெல்லாம் குற்றவாளியும் இல்லை, மெலிந்ததெல்லாம் நிரபராதியும் இல்லை. நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் ஒரு புதிய முறையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். தன்னார்வலர் தேவை என்றார்கள். சேர்ந்தேன்.

முறை இதுதான். கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத அளவுக்குச் சிறிய இரும்புத் துகள்கள், சர்க்கரை போன்ற ஒரு பொருளால் போர்த்தப்பட்டவை. அதை ரத்தத்தில் மெதுவாக ஏற்றுகிறார்கள். ஒரு நாள் காத்திருக்கிறார்கள். ஆரோக்கியமான முடிச்சு அந்தத் துகள்களை விழுங்கிக் காந்த ஸ்கேனில் கறுத்துவிடும். புற்று குடியேறிய முடிச்சால் விழுங்க முடியாது, வெளுப்பாகவே நிற்கும். எனக்கு எல்லாம் கறுத்தன. படத்தைக் காட்டிய இளம் டாக்டர், பரீட்சையில் நான்தான் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன் என்பதுபோல் கைகுலுக்கினார். கதிர்வீச்சு சிகிச்சை போதும் என்று முடிவாயிற்று. சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை அதே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது பரிசோதனையின் நிபந்தனை.

அந்த டாக்டருக்குப் பேசப் பிடிக்கும். மேல்மாடி ஆய்வுக்கூடத்தில் இதே துகளின் முதுகில் மருந்தையும் ஏற்றுகிறார்களாம். புற்றுச் செல்லின் வாசலில் மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு விலாசச் சீட்டும் வைக்கிறார்களாம். போகிற இடத்தைப் படத்தில் காட்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் மருந்தை இறக்கும். பார்ப்பதும் அதுவே, அடிப்பதும் அதுவே.

“மனிதர்களுக்கு எப்போது?” என்று கேட்டேன்.

“இப்போதைக்கு எலிகளுக்கு” என்றார்.

எனக்கு உடனே தோன்றியது ஆட்சேபணைதான். எங்கள் துறையில் ஆய்வு செய்பவன் ஒருவன், உத்தரவு போடுபவன் இன்னொருவன். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் தணிக்கையில் நாலு பக்கம் எழுதுவார்கள். ஒரு துரும்பிலும் சிறிய இரும்புக்கு இரண்டு அதிகாரத்தையும் கொடுக்கிறார்களே என்று நினைத்தேன். அதைவிட வேகமாக இன்னொன்றும் தோன்றியது: இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்.

3

சொல்வதற்கு ஆள் தானே வந்தான். 2004 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் கழித்து, கழக்கூட்டத்திலிருந்து ஹரிஹரனின் மகன் ஸ்ரீதருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். அப்பாவுக்குப் புராஸ்டேட், மணி மாமாவுக்கும் அதுதான் என்று கேள்விப்பட்டோம், மாமா ஒரு தடவை பேசினால் தைரியமாக இருக்கும்.

அமெரிக்கா வந்த இத்தனை வருடங்களில் நான் ஹரிஹரனைக் கூப்பிட்டது கமலாவின் திதிக்கு மட்டும்தான்: கரமனைக் கோயிலில் நெய்விளக்கு ஏற்றச் சொல்ல. அவன் ஏற்றுவான். விளக்கு ஏற்றிவிட்டேன் என்று சொல்லக்கூட அவன் என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. வெளிநாட்டுக்குக் கூப்பிட்டால் செலவு என்பதால்.

வெளிநாட்டு அழைப்பு அட்டையைச் சுரண்டி எண்களை அழுத்திக் கூப்பிட்டேன்.

“மணியா? என்னடா, திதிக்கு இன்னும் நாள் இருக்கே?”

இதை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

விவரம் சொன்னான். ஸ்கேனில் ஒரு முடிச்சு சந்தேகமான பருமனில் இருக்கிறது. திறந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார் சர்ஜன். முடிச்சு சுத்தமாக இருந்தால் கையோடு புராஸ்டேட்டையும் எடுத்துவிடுவார். மார்ச்சில் தேதி கொடுப்பார்.

“உனக்குத் திறந்தாளா?” என்று கேட்டான்.

“இல்லை. எனக்கு இரும்புத்தூள் ஏத்திப் பார்த்தா.” 

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கறுக்கும் முடிச்சு, வெளுக்கும் முடிச்சு, முதுகில் மருந்து, விலாசச் சீட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் ஒரு கதை இருந்தது, கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

“எலிக்கு உண்டாம், நமக்கில்லையோ?” என்றான். “எலி எந்த கிரேடுடா? நம்மைவிட சீனியரா?”

“எலிக்குப் பென்ஷன் இல்லை. அதனாலே சீக்கிரம் பாஸாகும்.”

சிரித்தான். பிறகு, “எனக்கு அது கிடைக்குமோ, மணி?” என்று கேட்டான். முப்பது வருடத்துக்கு மேல் பழகியதில் அவன் என்னிடம் எனக்குக் கிடைக்குமா என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை உட்கார்ந்து விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தேன். முதல் விண்ணப்பதாரர் நான், இரண்டாவது கே. ஹரிஹரன், கரமனை. பொருள்: பரிசோதனையில் எனக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாவது ஸ்கேனை, அதே வயதும் அதே நோயும் உள்ள இரண்டாவது விண்ணப்பதாரருக்கு மாற்றித் தரக் கோருதல். பயணச் செலவு விண்ணப்பதாரர்களுடையது. முதல் விண்ணப்பதாரர் தன் உரிமையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறார். விதிகளில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் அப்படிப்பட்ட விண்ணப்பங்களை நிராகரித்துச் சம்பளம் வாங்கியவன் நான். இருந்தாலும் எழுதி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதற்காகத்தான் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அங்கே விடிந்து கடை திறக்கும்வரை விழித்திருந்து, கரமனைச் சந்திப்பில் உள்ள தொலைபேசிக் கடைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். அரை மணியில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. உடனே அந்தக் கடைக்கே கூப்பிட்டு அவனைப் பிடித்தேன்.

“என் இடத்துக்கு நீ வந்தா என்ன கிடைக்கும்னு தெரியுமோ? ஓ.பி. டோக்கன். பெஞ்சிலே கால் ஒடிஞ்ச பக்கம். பின்னே, பகவதியோட கஞ்சி. நல்லா ஆலோசிச்சு ஒப்பிட்டியா?”

“போட்டாச்சு.”

“அப்போ நான் மலையிறங்கி வரேன்” என்றான்.

4

பரிசோதனை அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர் டோனா என்ற பெண்மணி. விண்ணப்பத்தை நின்றபடியே படித்தார். நெஞ்சில் கைவைத்தார். “எவ்வளவு அழகான எண்ணம்!” என்றார். எங்கள் அலுவலகத்தில் இப்படிக் குமாஸ்தாவின் கண்ணில் நீர் வரவழைத்த விண்ணப்பம் எதுவும் அனுமதி பெற்றதாக எனக்கு நினைவில்லை.

“இது நடக்குமா?”

“கமிட்டிக்கு அனுப்புகிறேன். எல்லா வாசலையும் தட்டிப் பார்ப்போம்.”

வரவு முத்திரை கேட்டேன். அவரிடம் முத்திரை இல்லை. என் பிரதியில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து, கீழே தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். அதை அத்தாட்சியாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹரிஹரனைக் கூப்பிட ஆரம்பித்தேன். நிலவரம் சொல்ல வேண்டுமே. நிலவரம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சு அட்டை தீரும்வரை நடக்கும். வித்துராவில் அட்டைப்பூச்சி செருப்புக்குள் ஏறியது, எஸ்டேட் லயக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க இவனிடம் நாள் முழுக்க நின்றது, அந்த ஊரில் பகவதி முதல் மழையைப் பார்த்து அழுதது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் அங்கே இருந்தபோது நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. நகரத்திலிருந்து போகிற தூரம்தான்.

“யாரோடு இவ்வளவு சத்தமாகச் சண்டை போடுகிறீர்கள்?” என்று அனன்யா ஒரு நாள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“சண்டை இல்லை. சிநேகிதன்.”

“உங்களுக்குச் சிநேகிதன் இருக்கிறாரா?” என்றாள். நிஜமான ஆச்சரியம்.

5

ஏப்ரலில் ஒரு நாள் தொலைபேசியை எடுத்தது பகவதி. அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணா, மார்ச்சுலே குடுத்த தேதியை இவர் வேண்டாம்னுட்டார். உங்களுக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. டாக்டர் தள்ளிப் போட்டிருக்கிறார் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தான்.

“ஏன்?”

“ஏனா? பைல் பெண்டிங்காம். விண்ணப்பம் தீர்மானமாறது வரைக்கும் இருந்த இடத்துலே இருக்கணுமாம். ஓப்பறேஷன் பண்ணிண்டா அப்ளிகேஷன் தள்ளுபடி ஆயிடுமாம். டாக்டர்கிட்டேயே இதைச் சொன்னார், அண்ணா. அந்த மனுஷர் என்னைப் பார்க்கறார், நான் எங்கே பார்க்கறது?”

“அது அலுவலக விதி, பகவதி. உடம்புக்கு அது பொருந்தாது.”

“நீங்கதானே பொருந்தும்னு எழுதிக் குடுத்தேள்?”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அவர் விதியைப் பிடிச்சிண்டு நிக்கறதா நீங்க நினைக்கறேள். இல்லை. பேடி, பயம். க்ஷவரம் பண்ணிக்கறச்சேயே கண்ணை மூடிக்கற மனுஷர். பார்க்கறதும் அதுவே அடிக்கறதும் அதுவேன்னு நீங்க சொன்னேளே, அதைத்தான் வாய் ஓயாம சொல்லிண்டிருக்கார். அது வந்துட்டா கத்தி எதுக்குங்கறார். நீங்க குடுத்த காகிதத்துக்குப் பின்னாலே போய் ஒளிஞ்சிண்டிருக்கார், அண்ணா. ரெண்டு பேர்லே ஒருத்தர் போயிட்டா அந்த விண்ணப்பம் என்னாகும்?”

“தானே தீர்ந்துடும்” என்றேன். கேட்ட மாத்திரத்தில் வந்த பதில். விதி சரி. அதைச் சொன்ன வாயைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அப்படியா தீரணும்?” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரிஹரனிடம் நேராகச் சொன்னேன். “இது நடக்காதுடா. எழுதும்போதே எனக்குத் தெரியும். நீ போய் ஓப்பறேஷன் பண்ணிக்கோ.”

“யாரு சொன்னா நடக்காதுன்னு?”

“நான் சொல்றேன்.”

“நீ விண்ணப்பதாரர். தீர்ப்பு சொல்ல நீ யாரு? உத்தரவு இருக்கா? ரைட்டிங்லே?”

“வாபஸ் வாங்கிக்கறேன்.”

“வாங்கு. என் ஒப்பு இல்லாம செல்லாது.” அவன் குரலில் பழைய குறும்பு இருந்தது. அதன் அடியில் இருந்ததையும் இப்போது எனக்குக் கேட்கத் தெரிந்தது.

மறுநாள் பனி உருகிய சேற்றில் பஸ் பிடித்து டோனாவிடம் போனேன். அரசு ஊழியனாக எத்தனையோ பேர் என் முன்னால் நின்று அனுமதி கேட்டிருக்கிறார்கள். நிராகரிக்கச் சொல்லிக் கெஞ்சியவன் ஒருவனும் இல்லை. நான் கெஞ்சினேன்.

“தயவுசெய்து முடியாது என்று எழுதிக் கொடுங்கள்.”

“ஐயோ, நம்பிக்கையை விடாதீர்கள்! சட்டப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் உங்கள் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது.”

“என் நண்பன் இதற்காகக் காத்திருக்கிறான். காத்திருப்பது அவனுக்கு ஆபத்து.”

அவர் முகம் வாடியது. “அப்படியானால் அவசரம் என்று குறித்து அனுப்புகிறேன்” என்றார். அவசரம் என்று குறித்த கோப்பு எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். அவசரம் என்று குறித்த மற்ற கோப்புகளுக்கு அடியில்.

வீட்டுக்கு வந்து ஸ்ரீதரிடம் சொன்னேன். அவன் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “இங்கே யாரும் முகத்துக்கு நேரே முடியாதுன்னு சொல்ல மாட்டாப்பா” என்றான். பிறகு கண்ணை எடுத்து, “ஹரி மாமாவுக்கு நீங்க ஏன் இவ்வளவு...?” என்று கேட்டான். அவனுக்கு வித்துராக் கதை தெரியாது. நான் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். அவன் மடிக்கணினியை மூடினான். பிறகு, “டிக்கெட் எடுத்து அழைச்சிண்டு வந்துடலாமா?” என்றான். அழைத்து வந்து எந்த வாசலில் நிறுத்துவது? மேல்மாடியில் எலிகளுக்குத்தான் இடம்.

6

வழி கண்டுபிடித்தது பகவதி. ஜூன் மாதம், இடவப்பாதிப் பருவமழை அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டில் விழுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. அவளே கடைக்குப் போய் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, வீட்டிலிருந்துதான். செலவைப் பார்க்கவில்லை.

“அண்ணா, ஒரு சந்தேகம். மாற்றத்துக்கு எழுதிக் குடுத்திருக்கறவன் அந்த சமயத்துலே மெடிக்கல் லீவ் எடுக்கப்பிடாதோ?”

“தாராளமா எடுக்கலாம்.”

“லீவ் எடுத்தா அப்ளிகேஷன் கான்சலாயிடுமோ?”

“ஆகாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. லீவ் முடிஞ்சு வந்தா அப்ளிகேஷன் அப்படியே...”

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றேன்.

“அதை இவர்கிட்டேயும் சொல்லுங்கோ. பக்கத்துலேதான் நிக்கறார்.”

ரிசீவர் கைமாறியது. அவன் மூச்சு கேட்டது.

“யாருடா இவளுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“உன்னோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்காளே.”

“லீவ்... ம்.” எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று அவன் தேடுவது எனக்குத் தெரிந்தது. நானும் தேடினேன், இல்லாமல் இருக்க வேண்டுமே என்று. இல்லை. “லீவ் சாங்ஷன் பண்றது யாரு?”

“நான் பண்ணியாச்சு!” பின்னாலிருந்து பகவதியின் குரல். “பெட்டியும் கட்டியாச்சு. டாக்ஸி வரச் சொல்லியாச்சு. இனி சம்சாரம் மதி, பேசினது போதும்.”

“மணி,” என்றான் மெதுவாக. “எனக்குப் பயமா இருக்குடா.”

“தெரியும்.”

“தெரிஞ்சிண்டா சரி” என்று வைத்துவிட்டான்.

ஒவ்வொரு நடைமுறையும் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய எனக்கு, மருத்துவ விடுப்பு என்ற முதல் பாடம் இரண்டு மாதமாகத் தோன்றவே இல்லை. நான் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நான் எழுதிய விண்ணப்பம்.

திறந்தார்கள். இரண்டு முடிச்சுகளை எடுத்து அங்கேயே பரிசோதித்தார்கள். இரண்டிலும் இருந்தது. அதற்குமேல் போகாமல் மூடிவிட்டார்கள். இனி ஊசி, மாதாமாதம், நோயைத் தூங்கவைக்கிற ஊசி. மார்ச்சிலேயே திறந்திருந்தால்? அவன் மகன் சர்ஜனிடம் கேட்டிருக்கிறான். மார்ச்சிலும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், திறக்காமல் சொல்ல வழியில்லை என்றாராம். திறக்காமல் சொல்ல ஒரு வழி உண்டு என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். சந்தேகத்தின் பலனை எதிராளிக்குக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளலாம் என்று எங்கும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஹரிஹரன் எழுந்து நடமாடினான். ஊசி போட்டால் உடம்பு குப்பென்று வியர்க்கிறது என்றான். ஓணத்துக்குப் பாயசம் சாப்பிட்டான். லீவ் முடிந்து டியூட்டியில் சேர்ந்துவிட்டேன் என்றான். பிறகு, ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், “பதில் வந்தாச்சா?” என்று கேட்டான்.

7

பதில் இரண்டு கடன் அட்டை விளம்பரங்களுக்கு நடுவில் வந்தது. நீளமான, மிக அன்பான கடிதம். நட்பின் மேன்மை பற்றி ஒரு பத்தி. பங்கேற்பு தனிநபருக்கு உரியது, மற்றொருவருக்கு மாற்ற இயலாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை பிப்ரவரியில் டோனா நின்றபடியே சொல்லியிருக்கலாம். அல்லது ஜனவரியில் நானே. கடைசியில், என் இரண்டாவது ஸ்கேனுக்கு நேரம் வந்துவிட்டது, தேதியை உறுதி செய்யவும் என்று இருந்தது.

மூலையில் தேதி எழுதினேன். அன்றே கூப்பிடவில்லை. பணிக்காலத்தில் ஒரு தாளைக்கூட அமுக்கி வைத்தவன் இல்லை நான். இதை ஞாயிற்றுக்கிழமைவரை சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

“பதில் வந்தாச்சா?”

“வந்தாச்சு.”

முழுவதையும் படித்துக் காட்டினேன். நட்பின் மேன்மையை மலையாளத்தில் மொழிபெயர்த்தேன். தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“யாரோட ஒப்பு?”

“டோனா.”

“ஒப்பிட அவளுக்கு அதிகாரம் உண்டோ?”

“உண்டு.”

“ம். உன்னோட ஸ்கேன்?”

“நான் போகலைடா. எந்த நேரத்திலேயும், காரணம் சொல்லாம விலகிக்கலாம்னு விதி இருக்கு.”

“மண்டன்! ஆள் சேராத போஸ்ட் லாப்ஸ் ஆயிடும், தெரியாதோ உனக்கு? ரெண்டு பேருக்கும் இல்லாம போறதுக்கா நான் ஒப்பிட்டேன்? போய்ப் படு. அந்தத் துருவை ஏத்திக்கோ. கறுக்கறதான்னு பார்த்து எனக்குச் சொல்லு.”

சரி என்றேன். அட்டையில் நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. அடுத்த ஞாயிறு எதற்காகக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவனும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும்.

“அப்பீல் உண்டோ?”

“அதைப் பத்தி ஒண்ணும் எழுதலை.”

“இல்லேன்னு எழுதியிருக்காளோ?”

“அதுவும் இல்லை.”

“இல்லேன்னு சொல்லாத இடத்துலே உண்டு. நாமளே எத்தனை கேஸ்லே அப்படிக் குறிப்பெழுதியிருக்கோம். நிதானமாப் பண்ணலாம், ஒரு வாரத்துலே கொஞ்சம் நீ எழுது, அடுத்த வாரம் நான் திருத்தறேன். கெடு எப்போலேர்ந்து எண்ணணும்?”

“உத்தரவு கைக்குக் கிடைச்ச தேதிலேர்ந்து.”

“அதை நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம். தேதியைச் சொல்லு. ஏடி பகவதி, அந்தப் பேனா எங்கே? எழுதறதைக் கொண்டா, முனை ஒடிஞ்சதைக் குடுக்கறியே!”

பேனா கிடைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு மெதுவாக, அவன் எழுதிக்கொள்ளும் வேகத்தில், சொன்னேன்: 2004, செப்டம்பர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை.